முயல் விரட்டிய நாய்க்கு ஆட்டுத் தடம் பழக்குவது

கம்பம் பள்ளத்தாக்கிலும், மேட்டுக்கு மேலே குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களிலும் முயலுக்கும் பன்றிக்கும் பழகிய நாய்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு வேலைதான் இல்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், காட்டுப்பன்றி, மிளா, முள்ளம்பன்றி, உடும்பு எதன்மேல் நாயை ஏவினாலும் வேட்டைக் குற்றம்தான். பிடிபடாமல் தப்பினாலும் முயற்சியே வழக்குக்குப் போதும். கேரளத்தில் பயிரழிக்கும் பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிடும் ஏற்பாடு 2022 முதல் உண்டு. அது உரிமம் வைத்திருக்கும் துப்பாக்கிக்காரருக்கு உரியது. வீட்டு நாயை அவிழ்த்துவிட அனுமதி என்று யாரும் படித்துக்கொள்ள வேண்டாம்.

அதே மூக்குக்கு வேறு வேலை காத்திருக்கிறது. மேய்ச்சலில் தவறிய ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு போன கிடாரி, ஏலக்காட்டுக்குள் திசை தெரியாமல் போன பெரியவர், இவர்களைத் தேடும் வேலை. அனுபவப்பட்ட நாயை அதற்குத் திருப்ப ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் முதலிலிருந்து தொடங்கினால் நாயும் சலித்துப்போகும், ஆளும் சலித்துப்போவார். தடம் பிடிக்க அதற்கு ஏற்கெனவே தெரியும். எந்த வாடையை எடுப்பது என்பதை இதுவரை நாய்தான் முடிவு செய்தது, ஆள் பின்னால் ஓடினார். இனி முடிவு ஆளுடையது. பழக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். கஷ்டம் முழுவதும் இதில்தான்.

எந்த நாய்

எல்லா வேட்டை நாயும் மூக்கு நாய் அல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடுகிறவை. திறந்த கரிசலில் முயல் கிளம்பினால் அவற்றை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் முயல் கண்ணிலிருந்து மறைந்ததும் தலையைத் தூக்கி நின்றுவிடும். கோம்பையும் கோம்பை கலந்த நாட்டு நாயும் புதருக்குள் மூக்கைத் தாழ்த்தி வேலை செய்யக்கூடியவை. ராஜபாளையத்தில் இரண்டு விதமும் உண்டு. ஆனாலும் இனப் பெயரை நம்பிப் பிரயோஜனமில்லை, சோதித்துப் பாருங்கள். முழங்கால் உயரப் புல்லில், நாய் பார்க்காதபோது வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, காற்று அந்த இடத்திலிருந்து நாயை நோக்கி வரும்படி 20 மீட்டர் தள்ளிக் கொண்டுவந்து விடுங்கள். மூன்று தடவையில் இரண்டு தடவையாவது தலை தாழ்ந்து, வளைந்து வளைந்து போய் எடுத்தால் தேறும். நிமிர்ந்து நின்று சுற்றும் முற்றும் பார்க்கிற நாயைக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வயது இரண்டிலிருந்து ஆறு வரை நல்லது. ஆட்டைக் கடித்துக் கொன்ற நாய் இந்த வேலைக்கு ஆகாது. “ஒரு தடவைதான் கடிச்சது” என்று உடையவர் சொன்னாலும் எடுக்காதீர்கள். கயிறு கைநழுவுகிற ஒரு நாள் வரத்தான் செய்யும்.

மூக்கைக் கெடுக்கிற சில விஷயங்களை முதலில் பார்த்துவிடுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் பல நாய்களுக்கு மோப்பத்தை மந்தமாக்கும். மருந்தை நிறுத்திப் பத்து நாள் கழித்து வேலை கொடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளினால் அந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் காய்ச்சல் நாய்க்கு ஓய்வுதான் வேலை. மலை ஓடையில் தண்ணீர் குடிக்கிற நாய்க்கு மூக்குக்குள் அட்டை ஏறிவிடும். ஓயாத தும்மலும் ஒரு பக்கத் துவாரத்தில் மட்டும் ரத்தமும் கண்டால் அதைச் சந்தேகப்படுங்கள். ஊசிப்புல் விதை ஏறினாலும் இதே அறிகுறிதான். இரண்டையும் வீட்டில் குடைய வேண்டாம், கால்நடை டாக்டரிடம் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட்டு, சான்றைக் கையில் வைத்திருங்கள். கேரளப் பஞ்சாயத்தில் நாய் லைசென்சுக்கும் அது வேண்டும்.

சாமான்

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டித் தடம் விடாதீர்கள். முன்னால் இழுக்கும்போது தொண்டை நெரிபட்டு, வாய் பிளந்து மூச்சு வாங்கும். வாயால் மூச்சு வாங்குகிற நாய் மோப்பம் பிடிக்காது. நெஞ்சோடு அணைகிற பட்டை வேண்டும், கடையில் ஹார்னஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தப் பட்டையைத் தடம் எடுக்கும்போது மட்டும் மாட்டுங்கள். ‘பட்டை ஏறினால் வேறு வேலை’ என்று நாய்க்குப் புரிவதற்கு அதைவிடத் தெளிவான பாஷை இல்லை.

கயிறு 8 மீட்டர், சுண்டுவிரல் கனம், பருத்தி. நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். நுனியில் கைவளையம் போடாதீர்கள். கட்டை, வேர், ஏலத் தூர் எதிலாவது அது மாட்டும். சிவப்புத் துணி கிழித்து இருபது நாடா, அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் கவர் ஐந்தாறு, வெள்ளைப் பருத்தித் துணி, இரண்டு லிட்டர் தண்ணீர், நாய் மூச்சு வாங்க இடமுள்ள வாய்க்கூடு. போதும்.

கூலிக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆட்டுத் தடம் பழக்கும் நாய்க்கு ஆட்டு நுரையீரலும் குடலும் கொடுக்கவே கூடாது. ஆட்டு வாடையின் முடிவில் ஆட்டிறைச்சி என்றால் அது வேட்டைப் பாடமாகத்தான் போய் முடியும். கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவில் நறுக்குங்கள். ஒரு நாள் பாடத்துக்கு 100 கிராம் தாராளம். அன்று காலைச் சாப்பாட்டைப் பாடம் முடிந்த பிறகு வையுங்கள்.

பழைய சொற்களை மறந்துவிடுங்கள். ‘சூ’, ‘பிடி’, ‘உஸ்’ மூன்றும் இனி வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். ‘தேடு’ என்ற ஒரு சொல் போதும், தாழ்ந்த குரலில். (மலைக்கு மேலே போனால் இன்னொரு குழப்பமும் உண்டு. நமக்குப் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம், மலையாளத்தில் நாய். “பட்டி எங்கே போச்சு?” என்று எஸ்டேட்டில் ஆள் விட்டுத் தேடச் சொல்லும்போது எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.)

முதல் வாரம்: ஆட்டோடு அமைதி

தடமே வேண்டாம். ஒரு சாதுவான பெட்டை ஆட்டைக் கட்டிவிட்டு, வாய்க்கூடு போட்ட நாயை 15 மீட்டர் தள்ளி உட்காரவையுங்கள். முறைக்கும், முன்னங்கால் நடுங்கும், முனகும். எதுவும் சொல்லாதீர்கள். பார்வையை ஆட்டிலிருந்து உங்கள் பக்கம் திருப்பிய கணம் ஈரல் துண்டு. பத்து நிமிஷம், காலையும் மாலையும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை இரண்டு மூன்று மீட்டர் நெருங்குங்கள். வார முடிவில் 5 மீட்டரில் ஆடு புல் கடிக்க, நாய் படுத்துக் கொட்டாவி விட்டால் அடுத்த கட்டம். அதுவரை அவசரம் வேண்டாம். இந்த வாரத்தை இரண்டு நாளில் முடித்தவர்கள் ஐந்தாம் வாரத்தில் ஆட்டுக்கு விலை கொடுக்க நேரும்.

தடம் போடுவது

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிகிறது. முதல் மாதம் முயல் நடமாட்டமுள்ள மலையடிவாரப் புதர்க்காடு வேண்டாம். தென்னந்தோப்பு, அறுத்த வயல், வாழை வெட்டிய நிலம் நல்லது. நேரம் காலை ஆறிலிருந்து ஏழரை. பனி ஈரம் தரையில் வாடையைப் பிடித்து வைக்கும், வெயில் ஏறினால் வாடை மேலெழும்பிக் கலைந்துவிடும்.

முதல் தடம் 50 மீட்டர், நேர்க்கோடு. ஆட்டை ஒருவர் கயிற்றில் நடத்திப் போகட்டும். காற்று உங்கள் முதுகில் படும்படி தடம் இருக்கட்டும். எதிர்க்காற்றாக இருந்தால் நாய் தலையைத் தூக்கி, முன்னால் நிற்கிற ஆட்டின் வாடையைக் காற்றிலேயே வாங்கிக்கொண்டு நேரே ஓடிவிடும். தரையில் மூக்கு வைக்காது. தொடக்கத்தில் ஆட்டைக் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிறுத்துங்கள், அங்கே வாடை திரளும். முதல் மூன்று தடங்களில் ஐந்து அடிக்கு ஒரு ஈரல் துண்டு. பிறகு பத்து அடிக்கு, இருபதுக்கு, கடைசியில் முடிவில் மட்டும். முடிவில் ஆட்டை உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் கட்டிவையுங்கள். நடத்திப் போனவர் வந்த வழியே திரும்பாமல் அகலமாகச் சுற்றி வரட்டும். இல்லாவிட்டால் நாய் ஆளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டைப் பிடித்ததாக உங்களை ஏமாற்றும்.

அதனால்தான் ஆளைத் தினம் மாற்ற வேண்டும், ஆட்டை மாற்றக்கூடாது. இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு தடத்துக்கு ஒன்றில் ஆள் ஆட்டுக்கு ஐந்து மீட்டர் பக்கவாட்டில், நீளக் கயிறு பிடித்து நடக்கட்டும். நாய் யார் காலடியில் போகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

ஆடு நடந்து பத்து நிமிஷம் ஆன தடத்தில் தொடங்குங்கள். இரண்டாம் வார முடிவில் 200 மீட்டர், ஒரு வளைவு, அரை மணிப் பழசு. மூன்றாம் வாரம் 400 மீட்டர், இரண்டு வளைவு, ஒரு மணி நேரம். நாலாம் ஐந்தாம் வாரத்தில் மூன்று மணி வரை பழசாக்கலாம், தூரத்தை முக்கால் கிலோமீட்டருக்குக் கொண்டுபோகலாம். நீளம், பழமை, வளைவு, குறுக்குத்தடம் நான்கில் ஒரு நாளுக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள், மற்றதைக் குறையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாய் ஏற்றினால் நாய் எதில் தோற்றது என்று உங்களுக்கே தெரியாது. வளைவில் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நாடா, கண்மட்டத்துக்கு மேல் கட்டுங்கள். தாழக் கட்டினால் நாய் நாடாவில் உள்ள உங்கள் கைவாடையைப் படிக்கும். வாரம் நாலு நாள், நாளுக்கு இரண்டு தடம். அதற்கு மேல் வேண்டாம்.

பழகிய நாய்க்குத் திசை பெரிய பிரச்சினை இல்லை. தொடர்ந்து ஐந்து காலடியை மோந்தாலே போன பக்கம் எது, வந்த பக்கம் எது என்று அறியக்கூடியது நாய் மூக்கு. அதனால் தொடக்கத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போய் மோந்தால் இழுக்காதீர்கள், அது கணக்குப் பார்க்கிறது.

வாடைத் துணி

நாலாம் வாரம் துணியை அறிமுகப்படுத்துங்கள். ஆட்டின் கொம்படியிலும் கழுத்திலும் இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும். கிடாய் என்றால் கொம்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி இருக்கிறது, ஒரு இழுப்பு போதும். செம்மறிக்குக் குளம்புப் பிளவில் சுரப்பி உண்டு, அங்கே தேய்க்கலாம். கவரை உள்வெளியாகக் கையில் மாட்டிக்கொண்டு துணியைப் பிடித்து, அப்படியே திருப்பி மூடினால் உங்கள் வாடை சேராது. தடத்தின் தொடக்கத்தில் கவரைத் திறந்து மூக்கருகே மூன்று வினாடி காட்டுங்கள், முகத்தில் அமுக்க வேண்டாம். பிறகு ‘தேடு’.

துணி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு ஆட்டை ஒரே இடத்திலிருந்து கிளப்பி, முப்பது மீட்டரில் இரண்டு பக்கமாகப் பிரித்து நடத்துங்கள். துணிக்குரிய ஆட்டின் பக்கம் பத்துக்கு எட்டு தடவை திரும்பினால் நாய் சொல்கேட்கிறது. ஐந்தாறு தடவைதான் என்றால் அது குருட்டாம்போக்கு. பிரிகிற இடத்துக்கு முன்னால் தடத்தைக் குறுக்கி மறுபடியும்.

முயல் குறுக்கே போனால்

இதற்காகத்தான் இவ்வளவும். ஆறாம் வாரம் நாயை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோங்கள், முயல் புழுக்கை தெரிகிற இடமாகப் பார்த்து. வனத்துறை எல்லைக்கல்லுக்கு வெளியேதான். ஆட்டுத் தடத்தை ஒரு மணி நேரம் பழசாக்கி, முயல் நடமாட்டமுள்ள ஒற்றையடிப்பாதை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் போகும்படி போடுங்கள்.

ஆட்டுத் தடத்தில் போகிற நாயின் வால் தாழ்ந்து மெல்ல ஆடும், மூக்கு தரையில், இழுப்பு ஒரே சீராக இருக்கும். முயல் வாடை பட்டதும் வால் விறைக்கும், காது முன்னே மடங்கும், தலை திடீரென்று பக்கவாட்டில் வெட்டும், கயிற்றில் ஒரு துள்ளல் தெரியும். நாய் ஒரு உடல் நீளம் விலகுவதற்குள் நீங்கள் நின்றுவிட வேண்டும். பிடுங்கக்கூடாது, அதட்டக்கூடாது. மரம்போல நில்லுங்கள். கயிறு இறுகி நிற்கட்டும். நாய் இழுக்கும், திரும்பிப் பார்க்கும், முனகும். ஒன்றரை நிமிஷத்துக்குள் பெரும்பாலான நாய்கள் மூக்கை மறுபடி தரைக்குக் கொண்டுவரும். ஆட்டுத் தடத்தின் பக்கம் அரை அடி திரும்பினாலும் உடனே கயிற்றைத் தளர்த்தி, ‘நல்லது’ என்று சொல்லி நடங்கள். அந்த நடை தான் கூலி. இரண்டு நிமிஷம் கடந்தும் வராவிட்டால் சத்தமில்லாமல் கடைசி நாடாவுக்குப் பின்னால் கொண்டுபோய் மறுபடி துணி காட்டுங்கள்.

அதட்டினால் என்ன ஆகும்? அதட்டு விழுந்த கணத்தில் நாயின் மூக்கில் எந்த வாடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆட்டு வாடை இருந்தால் அடுத்த நாள் அது ஆட்டுத் தடத்தையே தாண்டிப் போகும். ஷாக் கொடுக்கிற பட்டையும் அப்படித்தான், இன்னும் மோசமாக. முயல் கண்ணெதிரே கிளம்பி ஓடினால் மட்டும் பாடம் கிடையாது. கயிற்றைச் சுருட்டி, நாயைத் திருப்பி, ஐந்து நிமிஷம் உட்காரவைத்துவிட்டு அன்றைக்கு வீட்டுக்குப் போங்கள். முதல் இரண்டு மாதம் கயிறில்லாமல் விடவே வேண்டாம். நன்றாய் வருகிறதே என்று ஒரு நாள் அவிழ்த்துவிட்டு, ஒரு முயலை அது ஓட்டிவிட்டால், ஆறு வாரப் பாடம் ஒரே காலையில் போய்விடும்.

காற்றும் தரையும்

ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றில் தடம் தரையில் இருக்காது, பத்து பதினைந்து மீட்டர் தள்ளி வேலியோரத்திலும் வரப்புக் குழியிலும் ஒதுங்கிக் கிடக்கும். நாய் ஆடு நடந்த கோட்டை விட்டு இணையாகப் போனால் தவறு என்று நினைக்காதீர்கள். மலைச் சரிவில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழிறங்கும், வெயில் பட்டபின் மேலேறும். அதனால் மலையில் காலையில் ஆட்டுக்குக் கீழ்ப் பக்கத்திலிருந்து தேடுங்கள், பத்து மணிக்கு மேல் மேல் பக்கத்திலிருந்து. சாரல் தடத்தைக் கெடுக்காது, பல சமயம் உயிர்ப்பிக்கும். இடுக்கியில் பெய்கிற கனமழை ஒரு மணி நேரத்தில் துடைத்துவிடும். தார்ச்சாலையின் நடுவில் தேடி நேரம் வீணாக்காமல் இரு ஓரத்தையும் ஐம்பது மீட்டர் வரை பாருங்கள். ஓடையிலும் அதே முறை, இரு கரையும்.

ஏலத்தோட்டத்துக்குள் நுழையுமுன் கங்காணியிடம் எப்போது மருந்தடித்தார்கள் என்று கேளுங்கள். இலை நனைந்திருந்தால் நாயை விடாதீர்கள். எச்சில் ஒழுகல், நடுக்கம், கருவிழி ஊசிமுனையாகச் சுருங்குதல், பேதி தெரிந்தால் பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டர்.

நிஜமான தேடல்

ஆடு தவறியதாகச் செய்தி வந்ததும் முதல் வேலை, மற்றவர்கள் அந்த இடத்தை மிதிக்காமல் தடுப்பது. ஊரே திரண்டு “ம்பா, ம்பா” என்று கத்திக்கொண்டு சுற்றிய இடத்தில் நாயைக் கொண்டுபோவது பாழ். கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று மேய்த்தவரிடம் நிதானமாகக் கேளுங்கள். ஆட்டின் கழுத்துக் கயிறு கிடைத்தால் அதுதான் வாடைத் துணி. மந்தை கடந்து போன பாதையில் தொடங்காமல், மந்தை திரும்பிய இடத்துக்கு வெளியே அரைவட்டமாக நாயை நடத்துங்கள். தனித்துப் போன தடம் அந்த வட்டத்தை எங்கோ வெட்டும். இருபது நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷ நிழல், தண்ணீர்.

நாய் திடீரென்று முதுகு மயிர் சிலிர்த்து, வால் இடுக்கி, முன்னே போக மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சிறுத்தை இருக்கலாம். அடிபட்ட ஆட்டைக் கண்டால் தொடாமல், இழுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்; இரண்டு மாநிலத்திலும் இழப்பீடு கோர அந்த இடத்தை அவர்கள் பார்க்க வேண்டும். தடம் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ளோ, 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை காப்பகத்துக்குள்ளோ போனால் எல்லையிலேயே நின்று வனக் காவலரைக் கூப்பிடுங்கள். நாயின் நோய் காட்டு செந்நாய்க்கும் ஒட்டும். எல்லையோரத் தோட்டங்களில் சுருக்குக் கம்பியும் மின்வேலியும் அவுட்டுக்காயும் (கடித்தால் வெடிக்கிற இரை) இன்னும் இருக்கின்றன. வழியில் கிடக்கிற எதையும் நாய் வாயில் எடுக்கக்கூடாது என்பதைப் பாடத்தின் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேட

ஆட்டில் தேறிய நாய்க்கு ஆள் தடம் மூன்றே வாரம். வேட்டைக்குப் போன நாய்க்கு மனித வாடை என்பது கூடவே வருகிற பின்னணி, அதைப் பொருட்படுத்தாது. அதனால் நாய்க்கு அறிமுகமில்லாத ஆளையே ஒளியவையுங்கள், வீட்டாரை அல்ல. வேறு பட்டை, வேறு சொல் வேண்டும். ‘ஆள்’ என்று வைத்துக்கொள்ளலாம். வாடைக்குத் தலையணை உறையோ, துவைக்காத பனியனோ நல்லது. செருப்பு இரண்டாம் பட்சம், அதை வேறு யாராவது மாட்டியிருப்பார்கள். ஒளிந்திருக்கிற ஆளே கையில் ஈரல் வைத்திருந்து கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்தால் நாய் பாதியில் திரும்பி உங்களைப் பார்க்கும். தொலைந்த குழந்தை பயந்திருக்கும் என்பதால், கண்டதும் பாயாமல் நின்று குரைக்கவோ படுக்கவோ தனியாகப் பழக்குங்கள். அது வராத வரைக்கும் கயிறு கையிலேயே இருக்கட்டும்.